பழைய பாட்டில்களை எல்லாம் கழிவறையில் ஊற்றிவிடலாமா?

வீடு மாறப்போகிறீர்கள். குளியலறை அலமாரியிலும் சிங்க்குக்கு அடியிலும் வருடக்கணக்காகச் சேர்ந்த பாட்டில்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன: பாதி தீர்ந்த ஷாம்பு, காலாவதியான க்ரீம், ப்ளீச், டாய்லெட் கிளீனர், நெயில் பாலிஷ், ஹேர் டை, பூச்சிக்கொல்லி ஸ்ப்ரே என்று கலவையாக. எல்லாவற்றையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டு, கழுவிய பாட்டில்களை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம். பிளாஸ்டிக் வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்தப் பெட்டியில் இருப்பதிலேயே தீங்கு குறைந்தது அந்தப் பிளாஸ்டிக்தான். ஒரு காலிப் பாட்டிலைக் காப்பாற்றுவதற்காக அதற்குள் இருக்கும் அரை லிட்டரை ஆற்றுக்கு அனுப்பிவிடுகிறோம். அதற்கும் மேலாக, ஒரே கழிவறைக்குள் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினால் அங்கேயே உங்கள் உயிருக்கு ஆபத்து வரலாம். மற்றதை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம், இதை முதலில் படியுங்கள்.

ப்ளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். டாய்லெட் கிளீனரில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், 1915-இல் முதல் உலகப்போரில் எதிரிப் படைமேல் திறந்துவிட்ட அதே வாயு. ப்ளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் வாயுக்கள், அவையும் நுரையீரலைப் பாதிப்பவை. அம்மோனியா நம்மிடம் எங்கே இருக்கிறது என்று நினைப்பீர்கள். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் இருக்கிறது, பல ஹேர் டைகளிலும் இருக்கிறது. அந்தக் காட்டமான வாடை அதனுடையதுதான். 'இயற்கையான' கிளீனர்கள் என்று பலர் நம்பும் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும்கூட ஒரே பாத்திரத்தில் கலந்தால் பெராசெட்டிக் அமிலமாகி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். தனித்தனியாக வருடக்கணக்கில் சும்மா இருந்த பாட்டில்கள் ஒரு சின்ன குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, பத்து நிமிடத்தில் காலி செய்யப்படும்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எப்போதாவது அப்படித் தவறுதலாகக் கலந்து மூச்சு முட்டினால், தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று நின்றுகொண்டிருக்காதீர்கள். உடனே வெளியேறி, நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போய், அங்கிருந்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

இதே காரணத்தால்தான் எல்லாவற்றையும் ஒரே குப்பைப் பையில் போட்டுக் கட்டி வைப்பதும் தப்பு. குப்பை லாரிக்குள் இருக்கும் இயந்திரம் பைகளை நசுக்குகிறது. மூடிகள் தெறிக்கின்றன, அமிலமும் ப்ளீச்சும் அங்கே சந்தித்துக்கொள்கின்றன. அந்த லாரியின் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார், பெரும்பாலும் முகக்கவசம்கூட இல்லாமல். நாம் தூக்கிப் போட்டதும் அது நம் கண்ணை விட்டு மறைந்துவிடுகிறது, அவருக்கு அது கைக்கு வந்து சேர்கிறது. எதைத் தூக்கிப் போடும்போதும் எனக்கு முதலில் அவர் ஞாபகம்தான் வரும்.

சரி, சாக்கடையில் ஊற்றினால் எங்கே போகிறது? பல வருடம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. சுத்திகரிப்பு நிலையம் என்றதும் பலர் ஏதோ பெரிய வடிகட்டி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே முக்கால்வாசி வேலையைச் செய்வது பாக்டீரியாக்கள். தொட்டிகளில் காற்றை ஊதி அவற்றை வளர்க்கிறோம், அவை மலத்தையும் உணவுக் கழிவையும் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கின்றன. தின்னத் தெரிந்ததைத்தான் தின்னும். ஆய்வகத்தில் மனிதன் உண்டாக்கிய எத்தனையோ சேர்மங்கள் அவற்றுக்குப் பழக்கமே இல்லாதவை. அவை ஒன்று அப்படியே தண்ணீரோடு ஆற்றுக்குப் போகும், அல்லது அடியில் படியும் சேற்றில் ஒட்டிக்கொள்ளும், பல இடங்களில் அந்தச் சேறு வயலுக்கு உரமாகவும் போகிறது. உங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் என்றால் கதை இன்னும் நெருக்கமானது. ப்ளீச்சையும் அடைப்பு நீக்கியையும் மொத்தமாக ஊற்றினால் அந்தத் தொட்டியின் பாக்டீரியாக்களே செத்துப்போகும், மிச்சம் உங்கள் வீட்டு மண்ணுக்குள்ளேயே இறங்கும். தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றினால் பல ஊர்களில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது, நேராக ஏரிக்கோ ஆற்றுக்கோ கடலுக்கோதான்.

அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் 1999, 2000 ஆண்டுகளில் 30 மாநிலங்களில் 139 ஓடைகளின் தண்ணீரைச் சோதித்து 2002-இல் முடிவை வெளியிட்டது. மாசு சேர வாய்ப்புள்ள ஓடைகளாகப் பார்த்துத்தான் எடுத்திருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். தேடிய 95 வேதிப்பொருள்களில் ஒன்றாவது 80 சதவீத ஓடைகளில் இருந்தது. அடிக்கடி தட்டுப்பட்டவற்றின் பட்டியலைப் பார்த்தால் நம் அலமாரியைப் பார்ப்பது போல இருக்கும்: கொசு விரட்டியில் உள்ள டீட், கிருமிநாசினி சோப்பில் இருந்த ட்ரைக்ளோசான், சில வகைச் சோப்புத்தூள்கள் சிதைந்து உண்டாகும் நோனைல்ஃபீனால். ட்ரைக்ளோசான் தண்ணீரில் வெயில் படும்போது அதில் ஒரு பகுதி டையாக்சின் என்ற நச்சு வகைச் சேர்மமாக மாறுகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் அதையும் சேர்த்து 19 பொருள்களைப் பொதுமக்கள் வாங்கும் கிருமிநாசினி சோப்புகளில் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. சாதாரண சோப்பைவிட அவை மேல் என்பதையோ, நீண்டநாள் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பானவை என்பதையோ தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை. ஓடையில் இருந்ததெல்லாம் யாரோ பாட்டிலைக் கொட்டியதால் வந்ததில்லை, குளிப்பதிலும் துவைப்பதிலும் போவது நிறைய. தினமும் குளிக்காமல் இருக்க முடியாது. ஆனால் பாட்டில் பாட்டிலாகக் கொட்டாமல் இருக்க முடியும், நம் கையில் முழுசாக இருக்கும் பங்கு அது ஒன்றுதான்.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். வகை பிரிக்கும் முன் ஒரே ஒரு விதி: எதையும் அதன் சொந்தப் பாட்டிலை விட்டுப் பிரிக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் இருக்கிறதே என்று இரண்டை ஒன்றாக ஊற்றாதீர்கள், குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் மாற்றவே மாற்றாதீர்கள். ஒரு திரவம் தன் லேபிளை இழந்த நிமிடத்திலிருந்து அதைத் தொடுகிற எல்லோருக்கும், குழந்தைக்கு, குப்பை எடுப்பவருக்கு, அவசரத்துக்குப் பார்க்கும் டாக்டருக்கு, அது என்னவென்றே தெரியாது.

லேபிளில் சிவப்புக் கட்டம் போட்ட சாய்சதுரப் படங்களைத் தேடுங்கள். ஐநா வகுத்த உலகப் பொது முறை அது, மொத்தம் 9 படங்கள். தீச்சுடர் என்றால் எளிதில் தீப்பிடிக்கும், கையிலும் உலோகத்திலும் ஏதோ சொட்டி அரிப்பது போன்ற படம் என்றால் அரிப்புத்தன்மை, மண்டையோடு என்றால் கடும் நச்சு, பட்ட மரமும் செத்த மீனும் என்றால் நீர்வாழ் உயிர்களுக்கு ஆபத்து. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அழகுசாதனப் பொருள்களுக்குப் பல நாடுகளில் இந்தப் படங்கள் கட்டாயமில்லை. அதனால் நெயில் பாலிஷ் ரிமூவரிலோ ஹேர் டையிலோ எதுவும் போட்டிருக்கவில்லை என்பதை வைத்து அது சாதுவானது என்று முடிவு கட்ட முடியாது.

கவலைப்படத் தேவையில்லாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். ஷாம்பு, பாடி வாஷ், பாத்திரம் கழுவும் திரவம், துணி சோப்பு இவையெல்லாம் தண்ணீரோடு போவதற்கென்றே செய்தவை, எதற்காக வாங்கினீர்களோ அதற்கே பயன்படுத்தித் தீருங்கள். பிடிக்காத ஷாம்புவில் சீப்பு, பிரஷ், தரை மிதியடி எல்லாம் கழுவலாம். தினமும் கொஞ்சமாகப் போவதும் ஒரே நாளில் எட்டு பாட்டில் போவதும் பாக்டீரியாக்களுக்கு ஒன்றல்ல. திறக்காத, காலாவதி ஆகாத பொருள்களை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். திறந்த மஸ்காரா, லிப்ஸ்டிக் போன்றவற்றை மட்டும் கொடுக்க வேண்டாம், கிருமி பரவும். கெட்டுப்போன க்ரீம், லோஷன், சன்ஸ்கிரீன் என்றால் வழித்துக் கழுவாமல் அதே டப்பாவில் இறுக மூடிக் குப்பையில் போடுங்கள். சன்ஸ்கிரீனில் இருக்கும் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் இரண்டும் பவளப்பாறைகளுக்குக் கெடுதல் என்று ஹவாய் மாநிலம் 2018-இல் சட்டம் போட்டு, 2021 முதல் அவை உள்ள சன்ஸ்கிரீன்களைக் கடையில் விற்பதையே நிறுத்தியது. டப்பாவைக் கழுவி மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஆசை இந்த இடத்தில் வேண்டாம்.

ப்ளீச் பழசானால் தானாகவே வலுவிழந்துகொண்டே போகும், கடைசியில் பெரும்பாலும் உப்புத் தண்ணீராகிவிடும். ஆகவே அதைத் தூக்கிப் போட அவசரப்பட வேண்டாம், தரை துடைக்கவோ வெள்ளைத் துணிக்கோ வழக்கமான அளவில் பயன்படுத்தியே தீர்த்துவிடலாம், அந்த அளவைச் சாக்கடை தாங்கும். ப்ளீச்சிங் பவுடர் வேறு விஷயம். அது கால்சியம் ஹைப்போகுளோரைட், ஆக்சிஜனை வாரிக் கொடுக்கும் பொருள். எண்ணெய்த் துணி, சானிடைசர், அமிலம் எதோடும் ஒரே பையில் சேர்ந்தால் சூடாகித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. ஈரம் படாமல் தனியாக வைத்து, அபாயகரமான வீட்டுக் கழிவு வாங்கும் இடத்தில் தனியாகவே ஒப்படைக்க வேண்டும்.

அடைப்பு நீக்கும் பொருளில் காஸ்டிக் சோடா இருக்கும், சிலவற்றில் கந்தக அமிலம். இவற்றை நீங்களே எதையாவது ஊற்றிச் 'சமன்' செய்யப் பார்க்காதீர்கள், கொதித்துத் தெறிக்கும். காஸ்டிக் சோடாவை அலுமினியப் பாத்திரத்தில் வைக்கவே கூடாது, ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பயன்படுத்தித் தீர்க்க முடியாவிட்டால் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, நிமிர்த்தி வைத்து, அபாயகரமான வீட்டுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுப்பது ஒன்றே வழி.

ஹேர் டை பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் செய்கிற தப்பு எல்லோரும் செய்வது. பெட்டியில் இரண்டு பாட்டில் இருக்கும், ஒன்றில் நிறம், இன்னொன்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு. கலக்காத வரைக்கும் இரண்டும் அமைதியாக இருக்கும். கலந்துவிட்டால் ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், நிற்காது. பாதி மிஞ்சியதை 'அடுத்த மாதம் ஆகும்' என்று மூடி போட்டு வைத்தால், உள்ளே அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கலாம். மிஞ்சிய கலவையை ஒருபோதும் மூடி வைக்காதீர்கள், மூடிய பாட்டிலாகக் குப்பையிலும் போடாதீர்கள். அதனால் கலப்பதே தேவையான அளவுக்கு மட்டும் என்று பழகிக்கொண்டால் மிஞ்சாது. கலக்காத பாட்டில்களை, இரண்டையும் தனித்தனியாக, கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

அடுத்து தீப்பிடிப்பவை. நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால், அதன் ஆவி உறைபனிக்குக் கீழே, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றும் தன்மை கொண்டது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, அதனால் மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு ஊர்ந்து போகும். சிங்கில் ஊற்றினால் குழாய்க்குள் தங்கும், பிவிசி குழாயையும் இளக்கும். நெயில் பாலிஷிலும் எளிதில் எரியும் நைட்ரோசெல்லுலோஸும் கரைப்பான்களும் உண்டு. பெர்ஃப்யூம், சானிடைசர் இரண்டிலும் ஆல்கஹால்தான் பெரும்பகுதி. இவற்றில் நல்ல நிலையில் இருப்பதைப் பயன்படுத்தித் தீருங்கள். தீர்க்க முடியாததை வெயிலும் அடுப்பும் படாத இடத்தில் வைத்திருந்து கொடுங்கள். மூடியைத் திறந்து வைத்துக் காய விடலாம் என்று சிலர் சொல்வார்கள். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துளி நெயில் பாலிஷுக்கு அது சரி, கால் பாட்டில் ரிமூவருக்குச் சரியில்லை, வீட்டுக்குள் செய்தால் ஆபத்தும்கூட.

ஸ்ப்ரே கேன்களில் முன்பு ஓசோனை அரிக்கும் குளோரோஃப்ளோரோகார்பன்கள் இருந்தன, 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அவை ஒழிந்தன. பதிலுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை புரொப்பேன், பியூட்டேன், அதாவது கிட்டத்தட்ட சமையல் எரிவாயு. டியோடரன்ட், ஹேர் ஸ்ப்ரே, பூச்சி ஸ்ப்ரே எல்லாம் அப்படித்தான். காலியானது போல இருந்தாலும் உள்ளே வாயு மிச்சம் இருக்கும். ஆணியால் குத்தக்கூடாது, நெருப்பில் போடக்கூடாது, 50 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில் விடக்கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சுலபமாக வரும். டியோடரன்ட் போன்றவற்றை வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில், 'ஸ்ஸ்' சத்தமே வராத வரை அடித்துத் தீர்த்துவிட்டால் பல இடங்களில் உலோகமாக எடுத்துக்கொள்வார்கள். பூச்சி ஸ்ப்ரேயை அப்படி வீணாக அடித்துத் தீர்க்காதீர்கள், அப்படியே ஒப்படையுங்கள்.

பூச்சிக்கொல்லிகளில் பைரெத்ராய்டு வகை மீன்களுக்கும் தேனீக்களுக்கும் மிகக் குறைந்த அளவிலேயே விஷம். அந்த வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் பூனைக்கும் ஆகாது. இவற்றில் ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகக் கூடாது. பழைய பேன் மருந்து, சொறி மருந்து ஏதாவது கிடந்தால் லேபிளைப் படியுங்கள், லிண்டேன் என்றோ காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்றோ இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் அந்த மருந்தின் மிச்சமே தண்ணீரில் கவலைப்படும் அளவுக்குச் சேர்கிறது என்றுதான் கலிஃபோர்னியா 2002-இல் அதைத் தடை செய்தது. எளிதில் சிதையாத நச்சுப் பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் 2009-இல் அது சேர்க்கப்பட்டது. அந்துருண்டையைக் கழிவறையில் போட்டுக் கரைக்க நினைக்காதீர்கள், கரையாது. மூடிய டப்பாவில் வைத்துக் கொடுங்கள். பல அந்துருண்டைகளில் உள்ள நாப்தலீனின் ஆவியே சில குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகள் அவர்கள்.

பாதரசம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. தெர்மாமீட்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும், அதில் அரை கிராமோ அதற்கு மேலோ இருக்கும். சிஎஃப்எல் விளக்கில் சுமார் 4 மில்லிகிராம்தான், ஒரு தெர்மாமீட்டர் நூறு விளக்குக்கும் மேல். யாரும் சந்தேகப்படாதது முகத்தை வெள்ளையாக்கும் க்ரீம். தோலில் நிறமி உருவாவதைப் பாதரச உப்பு தடுக்கும் என்பதால் சில தயாரிப்பாளர்கள் அதைச் சேர்க்கிறார்கள். லேபிளில் கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக், மெர்குரியோ என்று ஏதாவது இருந்தாலோ, உள்ளே இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாத டப்பாவாக இருந்தாலோ உடனே நிறுத்துங்கள், பூசியவர் டாக்டரையும் பார்க்க வேண்டும். அதே வீட்டில் பூசாமல் இருக்கும் குழந்தைகளுக்கும் ஆவியாலும் துண்டு, தலையணை வழியாகவும் அது போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை இப்படிப்பட்ட க்ரீம்களைத் தடை செய்கிறது, ஆனாலும் கைமாறி விற்பனையாகிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த டப்பாவைக் கழுவவே கூடாது. தண்ணீருக்குப் போன பாதரசத்தை அடிச்சேற்று பாக்டீரியாக்கள் இன்னும் நச்சான மெத்தில் பாதரசமாக்கி, மீன் வழியாக நமக்கே திருப்பி அனுப்பும். மூடியபடியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டு, மேலே 'பாதரசம்' என்று எழுதி அபாயகரமான கழிவாகக் கொடுங்கள். தெர்மாமீட்டரோ விளக்கோ உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் அறையை விட்டுப் போங்கள், திரும்பி வந்து கெட்டி அட்டையாலும் ஒட்டும் டேப்பாலும் சேகரியுங்கள். வேக்யூம் கிளீனரும் துடைப்பமும் அதை வீடு முழுக்கப் பரப்பும்.

பெயின்டில் தண்ணீரில் கரையும் வகை கொஞ்சம் மிச்சமிருந்தால் மணலைக் கலந்து முழுக்கக் காய வைத்துக் குப்பையில் போட அனுமதிக்கும் ஊர்கள் உண்டு, எண்ணெய் பெயின்டும் தின்னரும் அப்படி முடியாது. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தீக்குச்சி இல்லாமலே அது பற்றிக்கொள்ளும், வெளியில் விரித்துக் காய வையுங்கள். ட்ரிம்மர், எலக்ட்ரிக் டூத்பிரஷ் இவற்றில் பேட்டரி இருக்கிறது, பேட்டரி கழிவோடு சேர்க்க வேண்டும். மிஞ்சிய மருந்து மாத்திரைகளை மருந்துக்கடை திரும்ப வாங்கும் ஏற்பாடு பல நாடுகளில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

எங்கே கொடுப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். உள்ளாட்சி அலுவலகத்தின் திடக்கழிவுப் பிரிவில் 'வீட்டு அபாயகரமான கழிவு' என்று சொல்லியே கேளுங்கள், வெறும் குப்பை என்று கேட்டால் வேறு பதில்தான் வரும். சில இடங்களில் நிரந்தர மையம் இருக்கும், சில இடங்களில் வருடத்துக்கு ஓரிரு நாள் முகாம்தான். அது வரைக்கும் வீடு மாறினாலும் பெட்டியைக் கூடவே எடுத்துப் போங்கள், காலி செய்துவிட்டுப் போகிற வீட்டில் அடுத்தவருக்கு விட்டுச் செல்லாதீர்கள். எடுத்துப் போகும்போது அமிலங்கள் ஒரு அட்டைப் பெட்டி, ப்ளீச் வகை இன்னொரு பெட்டி, தீப்பிடிப்பவை வேறொன்று, எல்லாம் நிமிர்ந்தபடி, வண்டியில் ஆள் உட்காராத பகுதியில். எரிப்பதும் புதைப்பதும் தீர்வில்லை. பிவிசி போன்ற பிளாஸ்டிக் எரிந்தால் அமில வாயுவும் டையாக்சினும் வரும், புதைத்தது நிலத்தடி நீருக்குப் போகும். அப்படி ஒரு மையமே இல்லாத ஊர் என்றால், மேலே சொன்ன க்ரீம், லோஷன், ஒட்டி மிஞ்சிய நெயில் பாலிஷ் போன்றவற்றை மட்டும் நன்றாக மூடி, உலர்ந்த மணல் போட்ட டப்பாவுக்குள் வைத்துக் குப்பையில் சேர்க்கலாம். மரத்தூளோ பழைய துணியோ வேண்டாம், பெராக்சைடு, ப்ளீச் வகை ஏதாவது கசிந்தால் அவை பற்றிக்கொள்ளும். அமிலம், பூச்சிக்கொல்லி, பாதரசம் மூன்றையும் அப்போதும் குப்பைக்கு அனுப்பாதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வைத்துக்கொண்டு தொடர்ந்து கேட்டுக்கொண்டிருங்கள். நாலு பேர் கேட்டால்தான் முகாமே நடத்துவார்கள்.

கடைசியாக, அந்தப் பெட்டியின் அடியில் லேபிள் கிழிந்த பாட்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்கும். திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள், ஆட்டிப் பார்க்காதீர்கள். மூடி உப்பியிருந்தாலோ மூடியைச் சுற்றி படிகம் போலப் படிந்திருந்தாலோ தொடவே வேண்டாம், கழிவு வாங்கும் மையத்தைப் போனில் கேட்டு அவர்களையே வரச் சொல்லுங்கள். மற்றபடி அதை நிமிர்த்தி ஒரு வாளிக்குள் வைத்து, 'என்னவென்று தெரியாது, சிங்க்குக்கு அடியில் கிடந்தது' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். அதை வாங்கிக்கொள்கிறவருக்கு அந்த ஒரு வரி போதும், கையுறையை மாட்டிக்கொண்டு அதற்கேற்ற கவனத்தோடு எடுப்பார்.